டீசலும் மிஞ்ச வேண்டும், கொழுந்தும் சூடேறக் கூடாது: இழுபறி இலக்குகளுக்கு வழி தேடுவது எப்படி

ஒரு லொறி, ஒரு தேயிலைப் பெக்டரி, ஏழு மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை). அந்திக் கொழுந்தை ஏழு இடத்திலும் ஏற்றிக்கொண்டு லொறி பெக்டரிக்கு வர வேண்டும், எந்த வரிசையில் போனால் நல்லது? இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ போய்க் கேட்டுப் பாருங்கள், டிரைவர் ஒரு பதில் சொல்வார், பெக்டரியில் ஒரு பதில் சொல்வார்கள், மடுவத்தில் நிறுவைக்காகக் காத்து நிற்கிற அக்காமார் இன்னொன்று சொல்வார்கள். மூன்றும் சரிதான். டிரைவர் டீசலைப் பார்க்கிறார். பெக்டரிக்குக் கொழுந்து சிவக்காமல் வர வேண்டும், பறித்த பிறகும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிற சாமான், இறுக்கி அடைத்து ஒரு மணித்தியாலம் லொறியில் கிடந்தால் சூடேறிப்போகும். நிற்கிறவர்களுக்கோ இருட்டுவதற்குள் லயத்துக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும்.

இந்த மாதிரிக் கணக்கு லொறிக்கு மட்டுமில்லை. பாடசாலை நேரசூசி, ஆஸ்பத்திரி டியூட்டி லிஸ்ட், பஸ் ஓட்ட அட்டவணை எல்லாம் இதே சாதிதான். தெரிவுகள் எண்ணக்கூடியவை, ஆனால் எண்ணி மாளாது, அதோடு நல்லது எது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல், அவை ஒன்றையொன்று இழுக்கும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு வரிசைமாற்றமும் சேர்மானமும் ஞாபகமிருக்கும். ஏழு மடுவத்துக்கு 5,040 வரிசை. பத்துக்கு 36 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டுக்கு 47 கோடியே 90 லட்சம். பதினைந்துக்கு ஏறக்குறைய 130,000 கோடி. அதனால் ஏழுக்கு ஒரு வழி, பதினைந்துக்கு வேறு வழி.

கம்பியூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுங்கள். எது கட்டாயம், எது ஆசை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். லொறி தாங்கும் பாரம் கட்டாயம். பலகைப் பாலத்தில் லோட்டோடு ஏறக் கூடாது என்றால் அதுவும் கட்டாயம். ஆனால் "ஆறு மணிக்குள் வந்தே ஆக வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், "சரி, ஆறு பத்துக்கு வந்தால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஒன்றும் நடக்காது, யாரோ கொஞ்சம் ஏசுவார்கள், அவ்வளவுதான் என்றால் அது கட்டாயம் இல்லை, அது ஒரு இலக்கு. முக்கால்வாசி இடங்களில் கணக்கு தீராமல் நிற்பது இதனால்தான்: ஆசைகளையெல்லாம் கட்டாயமாக எழுதிவிடுகிறார்கள், அப்புறம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விடை ஒன்றுகூட இல்லை என்று புரோகிராம் கைவிரிக்கிறது.

அடுத்தது அளவுகோல். இங்கேதான் கூடுதலாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் தப்பாக அளந்ததை எந்த அல்கோரிதமும் திருத்தித் தராது.

டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் என்றால் தூரத்தைக் கூட்டினால் போதும். நம்முடைய ரோட்டில் அது செல்லாது, வெறும் லொறியாக மேட்டில் ஏறி லோட்டோடு இறங்குவதும், லோட்டோடு ஏறி வெறுமனே இறங்குவதும் கிலோமீட்டரில் ஒன்று, டாங்கில் ஒன்றல்ல. ஒரு துண்டு ரோட்டுக்கு எவ்வளவு டீசல் என்பது அதற்கு முன்னால் எத்தனை மடுவத்தில் ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே "இங்கிருந்து அங்கே இவ்வளவு" என்று ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு கூட்டாமல், வரிசையை முழுதாக ஓட்டிப் பார்த்து, பாரத்தைச் சேர்த்துக்கொண்டே கணக்கிடுகிற ஒரு சின்னச் சூத்திரம் எழுதிக்கொள்ளுங்கள்.

கொழுந்தின் சூட்டுக்கு வெறும் நிமிடத்தை எண்ணினால் போதாது. 600 கிலோ முதலிலேயே ஏறி 80 நிமிடம் லொறியில் கிடந்தால் 48,000 கிலோ-நிமிடம், அதே 600 கிலோ கடைசியில் ஏறி 15 நிமிடத்தில் பெக்டரிக்கு வந்தால் 9,000 தான். கிலோவையும் நிமிடத்தையும் பெருக்கிக் கூட்டினால்தான் பாரமான மடுவத்தைக் கடைசிக்குத் தள்ளுவதில் இருக்கிற லாபம் கண்ணில் படும்.

காத்திருப்புக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஆறு மடுவத்தில் 20 நிமிடம், ஒன்றில் 110 நிமிடம் என்றால் சராசரி 33 நிமிடம் கூட வராது, கேட்கிறவருக்கு நல்ல எண்ணாகத் தெரியும், அந்த ஒரு மடுவத்துப் பிள்ளைகள் மட்டும் தினமும் இருட்டில் நடப்பார்கள். ஆகக் கூடக் காத்திருந்த மடுவம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை எடுங்கள்.

இலக்குகளைக் குறைக்கவும் பாருங்கள். கொஞ்சம் வரிசைகளை எழுந்தமானமாக எடுத்து எல்லா அளவுகோலாலும் அளந்து பாருங்கள், இரண்டு அளவுகள் எப்போதும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கினால் அவற்றில் ஒன்றைத் தூக்கிவிடலாம். இரண்டு இலக்கு சுகம், மூன்று சமாளிக்கலாம், ஐந்து ஆறு என்று போனால் ஏறக்குறைய எல்லா விடையும் ஏதோ ஒன்றில் நல்லதாகத் தெரிந்து தலை சுற்றும்.

இப்போது நான்கு வழியை மட்டும் வைத்துப் பேசுவோம், கணக்கு விளங்குவதற்காக நானே போட்ட எண்கள்தான். முதல் எண் டீசல், இரண்டாவது ஆகக் கூடிய காத்திருப்பு.

அ: 10 லீட்டர், 90 நிமிடம்
ஆ: 13 லீட்டர், 64 நிமிடம்
இ: 16 லீட்டர், 30 நிமிடம்
ஈ: 14 லீட்டர், 75 நிமிடம்

ஈ-யைப் பாருங்கள். ஆ அதைவிடக் குறைந்த டீசலில் குறைந்த நேரத்தில் முடிக்கிறது, ஆகவே ஈ-யை எந்த நியாயத்தாலும் தேர்ந்தெடுக்க முடியாது, அது போகட்டும். மிச்சம் மூன்றில் ஒன்றை ஒன்று வெல்லவில்லை, ஒன்றில் முந்தினால் மற்றதில் பிந்துகிறது. இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரெடோ பரேட்டோவின் (1848–1923) பெயரால் இந்த மிச்சத்தைப் பரேட்டோ எல்லை என்கிறார்கள். நம் வேலை ஒரே ஒரு சிறந்த விடையைப் பிடிப்பதில்லை, இந்த எல்லையைப் பிடிப்பது.

ஏழு மடுவம்தான் என்றால் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பைத்தன் என்ற புரோகிராம் மொழியில் 5,040 வரிசையையும் உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்ணையும் கணக்கிட்டு, லிப்ரே ஆபீஸ் ஷீட்டிலோ எக்ஸெலிலோ கொட்டுங்கள். டீசல் ஏறுவரிசையில் அடுக்குங்கள், டீசல் சமமாக இருந்தால் காத்திருப்பு குறைந்தது மேலே வரட்டும். அப்புறம் மேலிருந்து கீழே ஒரே ஓட்டம்: இதுவரை பார்த்ததில் ஆகக் குறைந்த காத்திருப்பைவிட இது இன்னும் குறைவா? குறைவென்றால் வைத்துக்கொள், இல்லையென்றால் வெட்டு. முடிந்தது, முழு எல்லையும் கையில். மூன்று இலக்கென்றால் இந்தக் குறுக்குவழி அப்படியே செல்லாது, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டிவரும், அதுவும் கூடிப்போனால் இரண்டரைக் கோடி ஒப்பீடு, பழைய லேப்டொப் கூடச் செய்துவிடும்.

எண்ண முடியாத அளவுக்குப் பெரிதானால் பெரும்பாலானவர்கள் முதலில் பிடிப்பது எடைபோடும் முறை. டீசலுக்கு இவ்வளவு மதிப்பு, நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு என்று வைத்து இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கி அதைக் குறைப்பது. செய்வது சுலபம், சொல்வதும் சுலபம், அதில் இரண்டு குழி இருக்கிறது. ஒன்று அலகு: கிலோ-நிமிடம் பத்தாயிரக்கணக்கில் வரும், லீட்டர் பத்துக் கணக்கில் வரும், அப்படியே கூட்டினால் டீசல் இருக்கிற இடமே தெரியாது. ஒவ்வொரு இலக்குக்கும் ஆகச் சிறந்ததையும் ஆக மோசமானதையும் கண்டு, 0 முதல் 1 வரை சுருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டாவது குழி ஆழமானது. மேலே இருக்கிற அ, ஆ, இ மூன்றுக்கும் நீங்களே எடை போட்டுப் பாருங்கள். ஒரு லீட்டரை 10 நிமிடத்துக்கு மேல் மதித்தால் அ வெல்லும், 10 நிமிடத்துக்குக் கீழே மதித்தால் இ வெல்லும், சரியாக 10 என்றால் அ-வும் இ-யும் 190 என்று சமமாக நிற்கும், ஆ 194. எந்த எடை போட்டாலும் ஆ வரவே வராது! அது கெட்ட விடை இல்லை, எல்லையில் உள்ள நல்ல விடைதான், ஆனால் அ-வையும் இ-யையும் இணைக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே பதுங்கி நிற்கிறது, எடைபோடுவது கோட்டின் வெளிமுனைகளை மட்டுமே தொடும். வரிசை, ஒதுக்கீடு மாதிரி முழு எண் கணக்குகளில் இப்படிப் பதுங்கிய விடைகள்தான் பெரும்பாலும் அதிகம். அப்படியிருக்க எடையை ஆயிரம் விதமாக மாற்றி ஓட்டிவிட்டு "இவ்வளவுதான் இருக்கிறது" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அதனால் என் கை முதலில் போவது வரம்பு வைக்கும் முறைக்கு. 1971இல் ஹெய்ம்ஸ், லாஸ்டன், விஸ்மர் மூவரும் எழுதியது, இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. ஒரு இலக்கை மட்டும் குறைக்க விடுங்கள், மற்றவற்றுக்கு மேல் வரம்பு போடுங்கள். காத்திருப்பு 70 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் டீசலைக் குறை என்றால் ஆ தானாக வந்து நிற்கும்.

முழு எல்லையையும் எடுக்க இப்படி நகருங்கள். முதலில் வரம்பே இல்லாமல் டீசலைக் குறையுங்கள், 10 லீட்டர் வருகிறது. அந்த 10 லீட்டரைப் பூட்டிவிட்டு, அதற்குள் காத்திருப்பைக் குறையுங்கள், 90. இப்போது காத்திருப்புக்கு 89 என்று வரம்பு போட்டு மறுபடி டீசலைக் குறையுங்கள், 13 வரும், அதைப் பூட்டிக் காத்திருப்பைக் குறைத்தால் 64. பிறகு வரம்பு 63. இப்படியே, விடையில்லை என்று புரோகிராம் சொல்லும் வரை. காத்திருப்பை முழு நிமிடத்தில் அளந்தால் ஒன்றும் தப்பாது. நடுவில் அந்தப் பூட்டிக் குறைக்கிற படியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், விட்டால் அதே 13 லீட்டருக்கு 68 நிமிடம் எடுக்கிற ஏதோ ஒரு வரிசை வந்து நல்லதுபோல நடிக்கும். இந்த மாதிரிக் கணக்குகளைத் தீர்க்கிற கூகிளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் இலவசம், அதிலிருக்கிற சிபி-சாட் என்ற பகுதி முழு எண் கணக்குகளில் கெட்டிக்காரன், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இன்னொரு வழி, ஒவ்வொரு இலக்கிலும் ஆகச் சிறந்ததை எடுத்து ஒரு கனவுப் புள்ளி செய்துகொள்வது, இங்கே 10 லீட்டர், 30 நிமிடம், அப்படி ஒரு வழி நிஜத்தில் இல்லை. அதிலிருந்து எந்த இலக்கில் ஆகத் தூரம் தள்ளியிருக்கிறோமோ அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும். சுருக்கிய அளவில் அ ஒரு இலக்கில் முழுதாக 1 தள்ளியிருக்கிறது, இ-யும் அப்படித்தான், ஆ-வின் ஆகக் கூடிய தூரம் 0.57 தான், ஆகவே ஆ வெல்கிறது. செபிஷேவ் முறை என்பது இதுதான், பதுங்கியவையும் இதில் அகப்படும்.

இந்த இடத்தில் பலரும் விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். லொறி ஓடுவது ஒரு நாளைக்கு இல்லை, தினமும். ஒரு நாள் அ, மறுநாள் இ என்று மாற்றி மாற்றி ஓட்டினால் சராசரி 13 லீட்டர், 60 நிமிடம். தினமும் ஆ ஓட்டினால் 13 லீட்டர், 64 நிமிடம்! அதாவது, திரும்பத் திரும்ப எடுக்கிற முடிவென்றால் கலந்து ஓட்டுவது பதுங்கிய விடையைத் தோற்கடித்துவிடலாம். அதோடு அ-வில் கடைசியாக நிற்கிற மடுவமும் இ-யில் கடைசியாக நிற்கிற மடுவமும் வேறென்றால் சுமையும் பங்காகும், தினமும் அதே ஆட்கள் நிற்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 14 லீட்டருக்கு மேல் டீசல் கொடுக்க மாட்டோம் என்றோ, எந்த நாளிலும் 70 நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்றோ இருந்தால் கலவை செல்லாது, ஆ-தான். பாலம் கட்டுவது, புது மடுவம் போடுவது மாதிரி ஒரே தடவை எடுக்கிற முடிவுகளில் கலப்பதற்கே இடமில்லை. ஆகவே முதலிலேயே கேளுங்கள்: வரம்பு நாளுக்கா, மாதத்துக்கா?

சரி, இரண்டு லொறி, இருபது மடுவம் என்றாகிவிட்டது, சிபி-சாட்டும் திணறுகிறது என்று வைப்போம். திணறுவதில் ஆச்சரியமில்லை. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கிற கணக்கு ஒரே இலக்கோடு என்றால் பள்ளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம், அதற்கே தூரம், நேரம் என்று இரண்டு இலக்கு வைத்தால் கஷ்டமான கணக்குகளின் வகுப்புக்குப் போய்விடுகிறது, எல்லையில் உள்ள விடைகளின் எண்ணிக்கையே பெருகிப் பெருகிப் போகலாம். அப்போது முழு எல்லை என்கிற ஆசையை விட்டுவிட்டு அதற்குக் கிட்டப் போவதோடு திருப்தியடைய வேண்டும்.

இதில் நான் முதலில் செய்யச் சொல்வது வெறும் உள்ளூர்த் தேடல். இதுவரை கண்ட நல்ல விடைகளுக்கு ஒரு பெட்டி வையுங்கள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொஞ்சம் கலையுங்கள்: இரண்டு மடுவத்தை இடம் மாற்றுவது, ஒரு மடுவத்தைத் தூக்கி மற்ற லொறிக்குக் கொடுப்பது, நடுவில் ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்புவது. வந்ததைப் பெட்டியில் உள்ள எதுவும் வெல்லவில்லை என்றால் உள்ளே போடுங்கள், அது வென்றவற்றை வெளியே எறியுங்கள். துண்டைத் திருப்பும்போது மட்டும் கவனம், திருப்பினாலும் உள்ளே தூரம் மாறாது என்று எடுத்துக்கொண்டு இரண்டு முனையை மட்டும் திருத்துகிற குறுக்குச் சூத்திரம் புத்தகங்களில் இருக்கும், ஏற்றமும் இறக்கமும் உள்ள ரோட்டில் அது பொய்யாகிவிடும், முழு வரிசையையும் திரும்பக் கணக்கிடுங்கள்.

அது போதவில்லையென்றால் பரிணாம முறைகள். என்எஸ்ஜிஏ-2 தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர், கான்பூர் ஐஐடியில் இருந்த கல்யாண்மய் தேபும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்டது. ஒரு கூட்டம் விடைகளை வைத்துக்கொண்டு, வெல்லப்படாதவற்றை முதல் அடுக்கு, அவற்றை நீக்கினால் வெல்லப்படாதவை இரண்டாம் அடுக்கு என்று அடுக்கி, ஒரே அடுக்குக்குள் நெரிசலில்லாத இடத்தில் நிற்பவற்றுக்கு முன்னுரிமை கொடுத்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். பைத்தனில் பைமூ என்ற நூலகத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள், நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வரிசையைச் சாதாரணமாகப் பாதி பாதி வெட்டி ஒட்டினால் ஒரு மடுவம் இரண்டு தடவை வரும், இன்னொன்று காணாமல் போகும், அதனால் வரிசைக்கென்றே உள்ள கலப்பு முறையைத் தெரிவு செய்யுங்கள். நான்கு ஐந்து இலக்கு என்றால் இது தடுமாறும், 2007இல் வந்த எம்ஓஈஏ-டி, 2014இல் வந்த என்எஸ்ஜிஏ-3 பக்கம் போங்கள், அல்லது, நான் சொன்னால் கேட்பீர்கள் என்றால், இலக்கைக் குறையுங்கள்.

இந்த முறைகளெல்லாம் தற்செயலை நம்பியவை, ஒரு ஓட்டத்தில் வந்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. வெவ்வேறு தொடக்க எண்ணோடு பல தடவை ஓட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மறுபடி வடிகட்டுங்கள். எந்த ஓட்டம் நல்லது என்று ஒப்பிட, ஒரு மோசமான புள்ளியை வைத்து, அதற்கும் எல்லைக்கும் நடுவில் அடைபடுகிற பரப்பை அளப்பார்கள். 20 லீட்டர், 100 நிமிடத்தை அப்படி வைத்தால் அ, ஆ, இ மூன்றும் சேர்ந்து 418 பிடிக்கின்றன, ஆ இல்லாமல் 340 தான். பரப்பு கூடினால் எல்லை நன்றாக விரிந்திருக்கிறது. ஒப்பிடும்போது அந்த மோசமான புள்ளியை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள்.

கடைசியில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், அது உங்கள் வேலை இல்லை. எல்லையிலிருந்து மூன்று நான்கு வழியை மட்டும் எடுத்து, புள்ளி வரைபடமாக இல்லாமல், மாற்று விலையாகச் சொல்லுங்கள்: அ-விலிருந்து ஆ-வுக்குப் போனால் 3 லீட்டர் கூடும், ஆகப் பிந்தின மடுவம் 26 நிமிடம் முந்தும், அங்கிருந்து இ-க்கு இன்னொரு 3 லீட்டர், 34 நிமிடம் முந்தும். இப்படிச் சொன்னால் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கும் விளங்கும், காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்களுக்கும் விளங்கும், டீசலுக்குக் காசு கொடுக்கிறவர் ஒருவர், நேரம் கொடுக்கிறவர் இன்னொருவர் என்பதும் மறையாது. எடைபோடும் முறையில் "ஒரு லீட்டருக்கு எத்தனை நிமிடம்" என்பதைப் புரோகிராம் எழுதுகிறவன் தன் அறையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறான், யாரும் கேட்கவும் முடியாது. மாற்று விலையைக் காட்டினால் சண்டை வரும்தான், வரட்டும், சண்டை வர வேண்டிய இடம் அதுதான்.

தெரிவு செய்யாத வழிகளை அழித்துவிட வேண்டாம். எல்லையில் இருந்த எல்லாவற்றையும், அதற்குக் கொஞ்சம் உள்ளே இருந்து வெட்டுப்பட்ட ஈ மாதிரியானவற்றையும், எந்தெந்த ரோட்டில் போகிறது என்ற குறிப்போடு ஒரு ஷீட்டில் வையுங்கள். மே மாதம் தென்மேல் மழை பிடித்து ஒரு வளைவில் மண் சரிந்துவிட்டால் அந்த ரோட்டைத் தொடுகிற வரிசைகளை வடிகட்டிவிட்டு மிச்சத்தில் எல்லையை மறுபடி எடுங்கள், அன்றைக்கு அந்திக்கு அதுவே போதும், முழுக் கணக்கையும் ராத்திரி ஓட்டிக்கொள்ளலாம்.